அத்தைக்கு ஒரு சிங்கம்

வனவிலங்குப் பூங்காவின் முகாமை விட்டு ஏழு கிலோமீட்டர் வந்த பிறகுதான் ருலானி கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த முகம் அவன் மாமியாருடையது இல்லை. யாரோ ஓர் அம்மாள்.

மனைவி கென்சானி தலைவலியில் படுத்திருந்தாள். "அம்மா சிங்கமே பாத்ததில்லை. நீங்க காட்டிக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தாள். மாமியார் சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். இவன் டீயை முடித்துவிட்டு வந்து, சாவி தொங்கிய வெள்ளைக் காரில் ஏறி, பின் சீட்டில் போர்த்திப் படுத்திருந்தவரைப் பார்த்து "தூங்குங்க அத்தை" என்று சொல்லிக் கிளப்பிவிட்டான். காலையில்தான் எடுத்த வாடகைக் கார். அங்கே நின்றதில் பாதி அதே மாதிரி வெள்ளைக் கார்கள்.

ஆக, யார் காரையோ, அதிலிருந்த அம்மாளோடு சேர்த்து ஓட்டி வந்துவிட்டான்!

"அம்மா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு..."

"என்ன மாப்ளே, வழி மாறிட்டீங்களா?"

மாப்ளே! அம்மாளுக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது. உண்மையைச் சொன்னால் பயந்துபோய்க் கதவைத் திறந்து இறங்கிவிட்டால்? வெளியே நடுக்காடு. பேசாமல் திரும்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

"பர்ஸை மறந்துட்டேன் அத்தை. திரும்பிடலாம்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி" என்று இருமிக் காட்டினான்.

காரைத் திருப்பினால், சாலையை அடைத்துக்கொண்டு யானைக் கூட்டம். இருபது நிமிடம் பொறுத்தான். பிறகு ஹாரனை லேசாகத் தட்டினான். பெரிய யானை காதை விரித்துக்கொண்டு நாலடி முன்னால் வந்தது.

"யானைகிட்டப் போய் யாராச்சும் ஹாரன் அடிப்பாங்களா? பின்னால எடுங்க மாப்ளே! அந்த மண் பாதையில திருப்புங்க!"

திருப்பினான். பாதை ஆற்றங்கரையோடு போய்க்கொண்டே இருந்தது.

"இது முகாமுக்குத்தானே போகுது அத்தை?"

"போகும், போகும். கொஞ்சம் சுத்திப் போகும்."

சுற்றிப் போன இடத்தில், பாதை நடுவே மூன்று சிங்கங்கள் படுத்திருந்தன.

"மணி அஞ்சாச்சு அத்தை! ஆறு மணிக்கு முகாம் கதவைச் சாத்திடுவாங்க!"

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? சிங்கத்துகிட்டச் சொல்லுங்க."

பிடரிமயிர் வைத்த ஆண் சிங்கம் எழுந்து வந்து, அவன் பக்கத்துச் சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே சாய்ந்துகொண்டது. ருலானி மூச்சைப் பிடித்துக்கொண்டான். இந்நேரம் காரின் சொந்தக்காரன் போலீஸுக்குச் சொல்லியிருப்பான். பின்னால் அம்மாள் சின்னப் பெண் மாதிரி கைதட்டாத குறை.

"என் பொண்ணு செஞ்ச ஒரே நல்ல காரியம் உங்களைக் கட்டினதுதான்" என்றாள்.

அந்த நிலையிலும் ருலானிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. நாலு வருஷத்தில் சொந்த மாமியார் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

சிங்கங்களுக்கு மனம் வந்து நகர்ந்தபோது ஐந்தரை. ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முகாம் வாசலில் கார் நின்றது. அங்கே காவலாளி. பக்கத்தில் கென்சானி. அவளுக்கு முன்னால், இடுப்பில் கைவைத்தபடி அசல் மாமியார்.

"பாத்ரூம் போய்ட்டு வர்றதுக்குள்ள என்னை விட்டுட்டுப் போன ஆளு வந்தாச்சு!"

ருலானி குதித்திறங்கிக் காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்தக் காரோட சொந்தக்காரர் எங்க சார்? அவர் கால்ல வேணும்னாலும் விழறேன். தெரியாம அவர் காரையும் மாமியாரையும் ஓட்டிட்டுப் போய்ட்டேன்!"

காவலாளி குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"கார் உங்களோடதுதான் சார். நியெலெட்டி அக்கா எங்க சமையல்கட்டு ஆளு, அவங்களுக்குப் பொண்ணே கிடையாது. லீவு நாளானா சிங்கம் பாக்கக் கிளம்பிடுவாங்க; எந்தக் கார் திறந்து கிடக்குதோ, அந்த வீட்டுக்கு மாமியார் ஆயிடுவாங்க!"