பெட்டிக்குள் ஒரு புள்ளி

சுவிஸின் பேர்ண் நகரத்திலேயே பொய் சொல்லிவிட்டுத் தப்ப முடியாத கட்டடம் எங்களுடையதுதான். காரணம், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பெட்டி அண்ணை. தேடல் மென்பொருள் எழுதுவது அவருடைய தொழில். பொழுதுபோக்கும் அதுதான், பக்தியும் அதுதான்.

எங்கள் கட்டடத்துத் தமிழ் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் முறை யாருக்கு, அந்த அறைச் சாவி யாரிடம் என்று கேட்கத் தொடங்கிய குழு. பிறகு ஊர்வம்பு முழுக்க அதற்குள் வந்து சேர்ந்தது. அண்ணை அத்தனையையும் கணினியில் ஏற்றி வரைபடமாக்கிவிட்டார். கிடையாக நாட்கள், நிலைக்குத்தாக அகரவரிசை. எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புள்ளி. எந்தச் சொல், எந்தக் காலம் என்று கேட்டால் போதும், அங்கே ஒரு பெட்டி கீறுவார். அதற்குள் கிடக்கும் புள்ளிகள்தான் பதில்.

"எல்லாத்தையும் வாசிக்கத் தேவையில்லை தம்பி. பெட்டிக்குள்ள மட்டும் பார்த்தாக் காணும்."

முதல் பலி நான். சாவியை இன்றைக்குத் தருகிறேன் என்று ஒரே மாதத்தில் பதினொரு தரம் எழுதியிருந்தேனாம். தோய்க்கிற இயந்திரத்தின் மேல் மடிக்கணினியை வைத்து, பதினொரு புள்ளியையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார் மனுசன்.

அடுத்தது கோயில் அன்னதானம். பாயாசம் வரவில்லை. முதலாம் மாடி அக்காவும் இரண்டாம் மாடி அக்காவும் நீதான் ஒப்புக்கொண்டாய் என்று மாறிமாறிப் பழி போட்டார்கள். அண்ணை சனத்துக்கு நடுவில் சோற்றுப் பானை மூடியில் கணினியை விரித்துப் பெட்டி கீறினார். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டது வடைக்கு. அன்றைக்கு வடையோ மலையாகக் கிடந்தது. நியாயம் கிடைத்த சந்தோஷத்தில் அவர் மட்டும் சிரித்தார்.

அதற்குப் பிறகு யாருக்கு எழுத மனம் வரும்? முதலாம் மாடி அக்கா அவரில்லாமல் புதுக் குழு தொடங்கினார். நானும் சத்தமில்லாமல் அதில் சேர்ந்துகொண்டேன். வெட்கக்கேடுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாவி கொடுக்க மேலே போனேன். அவருடைய சமையலறையில் ஒரேயொரு சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. கணினித் திரையில் நீளமான ஒரு பெட்டி. உள்ளே ஒன்றுமேயில்லை. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"சாப்பிட்டியளோ எண்டு ஆராவது என்னைக் கேட்டவையோ எண்டு பார்த்தன். பங்குனியிலயிருந்து ஒரு புள்ளியும் விழேல்லை. நிரலிலதான் பிழையாக்கும் எண்டு நாலு தரம் சோதிச்சன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிரல் சரியாத்தான் இருக்கு தம்பி."

சாவியை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். பாதிப் படியில் நின்று, செத்துக் கிடந்த பழைய குழுவில் எழுதினேன்: "அண்ணை, சாப்பிட்டியளோ?"

மேலே கைபேசி ஒலித்தது. அவர் உட்கார்ந்திருந்த கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"ஓம். சோறும் பருப்பும். நீ சாப்பிட்டியோ?"

புதுக் குழுவிலிருந்து அன்றைக்கே விலகிவிட்டேன். இப்போது ஒவ்வொரு மத்தியானமும் அவருக்கு ஒரு புள்ளி போடுகிறேன். ஏதோ புண்ணியத்துக்குச் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டிலும் கவிழ்த்திருக்கும் கோப்பை ஒன்றுதான். அந்தக் கேள்வியை என்னிடம் திருப்பிக் கேட்க அவரைவிட்டால் ஆளில்லை.