இருபத்து மூன்று தொட்டிகள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். அச்சகத்தில் பிழை திருத்தும் அவருடைய தம்பி, வீடு இவருடையது. இருவருக்கும் இளைய தங்கை. கதவு திறந்திருந்ததால் உள்ளே வந்துவிட்ட மாடி வீட்டு நர்ஸ். ஐந்தாவதாக ஒருவர் இருந்ததாகச் சொல்வது தவறு. தம்பியின் மனைவி இறந்து பதினொரு மாதம் ஆகிவிட்டது. அந்த அம்மாளின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

பால்கனியில் இருபத்து மூன்று தொட்டிகள். இருபத்து மூன்றிலும் கீழாநெல்லி.

"தினம் ஒரு கட்டு வாங்குறாராம், பெரியண்ணா. மூலிகைக் கடையே கதின்னு கிடக்குறாராம். தெருவே பேசுது," என்றாள் தங்கை.

"என்ன பேசுது?"

"கீழாநெல்லியை எதுக்குக் குடிப்பாங்க? ஈரலுக்குத்தானே? அண்ணி போன துக்கத்துல சின்னண்ணன் குடிச்சுக் குடிச்சு ஈரலே போயிடுச்சாம்."

பெரியவரின் முதுகு மேலும் நிமிர்ந்தது. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் இருமல் மருந்தைத் தவிர வேறெதையும் யாரும் பாட்டிலிலிருந்து குடித்ததில்லை.

"ஏண்டா, எதுக்கு இதெல்லாம்?"

"சும்மாதான் அண்ணா. உடம்புக்கு நல்லது."

பிழை திருத்துகிறவருக்குச் சொந்தமாக வாக்கியம் அமைக்க வராது. பெரியவரும் வற்புறுத்திப் பழகியவரல்ல. மாதம் முதல் தேதி போன் செய்வார். "சௌக்கியமா?" "சௌக்கியம்." மொத்தம் ஒன்றரை நிமிடம். அதற்குமேல் வளவளவென்று பேசுவது குடும்பத்துக்கு அழகல்ல என்பது அவர் கொள்கை.

அவர் நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"ஈரலெல்லாம் இல்லம்மா. இவனுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம். அதுக்காகத்தான்."

"இதயத்துக்கு மருதம்பட்டைன்னுல்ல சார் சொல்வாங்க?"

"அதையும் சாப்பிடுறான்."

எழுபத்தொரு வயதில் அவர் சொன்ன முதல் பொய். இவ்வளவு சுலபமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"டாக்டரைக் கேக்காம ரெண்டையுமா?" என்று நர்ஸ் மாடிக்கு ஓடினாள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு திரும்பி வந்தாள். வழியில் யாரிடம் என்ன சொன்னாளோ, கால்மணி நேரத்தில் காவலாளி சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பின்னாலேயே அச்சகத்திலிருந்து போன்.

"ரெண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாமாம்," என்றார் தம்பி. அவர் முகம் வெளிறியது. "வேலையும் இல்லன்னா, பகல்ல நான் எங்கண்ணா இருப்பேன்?"

இந்தக் கேள்விக்குப் பதிவேட்டில் இடமில்லாததுபோலப் பெரியவர் அதைத் தாண்டிப் போனார். சக்கர நாற்காலியைப் பார்த்து வாசலில் கூடிவிட்ட அக்கம்பக்கத்தார்முன் போய் நின்றார்.

"அவனுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கான். இந்தச் செடியெல்லாம் எனக்கு!"

"உங்களுக்கா, பெரியண்ணா?" தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "எத்தனை நாளா?"

"அதான் இவ்வளவு விறைப்பா நிக்கிறாரு. கொஞ்சம் தளர்ந்தா தள்ளாடிடுவாருல்ல," என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

பேச்சை முடித்துவைக்க அவர் ஒரு கைப்பிடி கீழாநெல்லியைப் பறித்து, அரைத்து, நர்ஸ் தடுக்கத் தடுக்க அரை டம்ளர் குடித்துக் காட்டினார். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"ஒரே மடக்கு! பழக்கப்பட்ட கைதான்," என்றது அதே குரல்.

இனி ஒரே வழி, கடையில் விற்பனையை நிறுத்துவது. பெரியவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கடைத்தெருவில் குடும்பப் பெயர் அடிபடக்கூடாது என்பதால், தான் யார் என்று சொல்வதில்லை என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டார்.

கடைக்காரம்மா பச்சைக் கட்டுகளைப் பிரித்துப்போட்டுக் களை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு முக்காலி. முழங்கால் வலித்ததால் பெரியவர் அதில் உட்கார்ந்தார்.

"அது ஒருத்தர் தினம் உக்கார்ற இடங்க. பரவாயில்ல, உக்காருங்க. இன்னிக்கு அவரை இன்னும் காணோம்."

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"அவரைப் பத்தித்தாம்மா பேச வந்தேன். குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டவராமே? இதயமும் மோசமாம். டாக்டரைக் கேக்காம நீங்க தினம் மருந்து விக்கலாமா?"

கடைக்காரம்மா தலையை நிமிர்த்தாமல் ஒரு களையைப் பிடுங்கி எறிந்தாள்.

"யாருங்க சொன்னது? ஈரலும் கெடல, இதயமும் கெடல. அவரு குடிக்கிறவரும் இல்ல. என்கிட்ட வாங்கினதுலகூட ஒரு சொட்டுக் குடிச்சதில்ல, கொண்டுபோய்த் தொட்டியில நட்டு வைக்கிறாரு. மத்த மூலிகைன்னா வாங்கின கையோட கிளம்பணும். கீழாநெல்லின்னா நான் களை பொறுக்கிக் குடுக்க அரைமணி ஆகும், அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம். வீட்ல யாருமில்லயாம். ஒரு அண்ணன் இருக்காராம், அவரு போன்ல ஒன்றரை நிமிஷத்துக்கு மேல பேசமாட்டாராம்."