கோயில் வாசலில் ஒரு கறுப்புப் பை

கொழும்பில் ஒருவரின் செல்வாக்கை, அவருக்கு எத்தனை பெரிய மனிதர்களைத் தெரியும் என்பதை வைத்து அளப்பார்கள். என் செல்வாக்கு வேறு மாதிரி. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை, முகம் சுளிக்காமல் கழிப்பறைக்கு விடுகிற கடைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். (தேவாரம் அவ்வளவு பாடமில்லை.) பெருங்குடல் அழற்சி என்று டொக்டர் சொன்னபின் வந்த ஞானம் அது.

யுத்த காலம். கொட்டாஞ்சேனைப் பிள்ளையார் கோயிலில் வைத்து எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. பெண் வீட்டாரிடம் அம்மா, "சாடையான காஸ்ரிக்" என்று என் குடல் வருத்தத்தைச் சுருக்கிவிட்டார். என்னோடு எப்போதும் வருகிற கறுப்புப் பையில் மாற்றுக் காற்சட்டை, உள்ளாடை, சோப், மருந்துக் குளிசை, அடையாள அட்டை. வாசலில் அம்மா மறித்தார்.

"உந்த உடுப்பெல்லாம் காவிக்கொண்டு பிள்ளையாரிட்டைப் போறியோ? செருப்போட வை."

வைத்தேன். பெண் வருகிறாள் என்றதும் என் வயிறு முந்திக்கொண்டது. எதிரே இருந்த நானாவின் தேநீர்க் கடைக்கு ஓடினேன். (நானா விபரம் கேட்கமாட்டார், பின்பக்கத்தைக் காட்டுவார்.)

திரும்பி வந்தால் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. செருப்புகளுக்கு நடுவே என் பை. ஆளில்லாத பை என்றால் அந்நாளில் குண்டுதான். ஓர் ஆமிக்காரர் அதை இழுக்க நீளக் கயிறு எடுத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் கூடிய சனத்தின் முன்வரிசையில் அம்மாவும் பெண் வீட்டாரும். வாயைத் திறந்தால் கல்யாணம் போகும். திறக்காவிட்டால் பையில் இருக்கிற அடையாள அட்டையை வைத்து நானும் உள்ளே போவேன்.

கையை உயர்த்திக்கொண்டு போய், என்னுடையது என்று சிங்களத்தில் சொன்னேன். ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொன்னார். நீலக் கோடு போட்ட உள்ளாடையைத் துவக்கு முனையால் தூக்கிப் பிடித்து, இது எதற்கு என்று கேட்டார். பயத்தில் என் குடலின் வரலாறு முழுவதையும் உரத்த சிங்களத்தில் சொல்லிவிட்டேன். வீதிக்கே விளங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

ஆமிக்காரர் சிரித்துக்கொண்டே போனார். கல்யாணம் கைவிட்டுப் போயிற்று என்று எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டிருந்தேன். உருண்டு போன சோப்பை யாரோ எடுத்து நீட்டினார்கள். நிமிர்ந்தால், பெண்.

"எங்கட வீடு கிட்டத்தான். ரெண்டு டொய்லட் இருக்கு," என்றாள். "வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

அதைவிடக் காதலான வார்த்தையை நான் இன்றுவரை கேட்டதில்லை.

குடல் வருத்தம் இன்னும் இருக்கிறது. சில மாதம் அடங்கிக் கிடக்கும், சில மாதம் ஆட்டிவைக்கும். நாங்கள் எங்கே வெளிக்கிட்டாலும் வாசலில் பிள்ளைகள் கேட்பார்கள்: "அப்பா, குண்டை எடுத்தாச்சோ?" குண்டுக்குள் வைக்கிற உள்ளாடையை வாங்குவது மனைவிதான். இன்றுவரை நீலக் கோடு போட்டதாகப் பார்த்துத்தான் வாங்குகிறாள்.