நீர்வாழ் உயிரின நலப்பிரிவு

மீன்களின் நலனுக்கென்றே தனிப்பிரிவு வைத்திருக்கும் சுரங்கம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். அந்தப் பிரிவின் துணை மேலாளர் அடியேன். மேலாளர் பதவி காலி. கீழே ஊழியர்களும் கிடையாது. ஆகவே பிரிவில் ஒற்றுமைக்குக் குறைவே இல்லை.

தாதுவைக் கழுவத் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் ஓர் ஆறு வேலைவெட்டி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்தோம். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். எடுப்பதைப் பற்றி அவர்கள் வாயே திறக்காததால், நாங்கள் அளக்கவில்லை.

கோடையில் ஒருநாள் பம்பு முக்கி முனகி நின்றுபோனது. உறிஞ்சு குழாயின் வாயில் இருந்த கம்பிவலை முழுக்க மீன். ஆறு முழங்காலளவுக்கு வற்றியதில், மிச்சத் தண்ணீரோடு அவையும் இழுபட்டு வந்து, ஒட்டிக்கொண்டு செத்திருந்தன. உடனே அவசரக் கூட்டம்.

“மீனுங்களுக்கு நம்ம கம்பெனி மேல இவ்வளவு ஈடுபாடா!” என்று நெகிழ்ந்தார் பொது மேலாளர்.

“ஈடுபாடு இல்ல சார், அடைப்பு” என்றார் பம்பு இன்ஜினியர்.

“பம்பைக் கொஞ்ச நாள் நிறுத்தினா ஆத்துல தண்ணி ஏறும், மீனும் பிழைச்சுக்கும்...” என்று நான் ஆரம்பித்தேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், சிரித்து வைத்தேன். அது ‘நகைச்சுவை’யாக ஏற்கப்பட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் என் மச்சினன். மனைவியின் தம்பி, அதே ஆற்றில் வலை வீசிப் பிழைப்பவன்.

“மாமா, வலை போட்டா சேறுதான் வருது. பம்பைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. என் வீட்லயும் அடுப்பு எரியணும்ல?”

பொது மேலாளர் கண்கலங்கிவிட்டார். “தம்பிக்கு மீன்தானே வேணும்? மீன் எல்லாம் இங்கதானே இருக்கு!”

அங்கேயே அவனுக்கு வேலை கிடைத்தது. பதவியின் பெயர் ‘மீன்வள ஒருங்கிணைப்பாளர்’.

“மாமா, இது செத்த மீனை அள்ளுற வேலைதானே?”

“ஒருங்கிணைக்கிற வேலைன்னு சொல்லு. சீருடை உண்டு.”

வேறு வழியில்லாமல் சேர்ந்தான். கெண்டை, கெளுத்தி, ஆரால் என்று முதலில் வண்டி வண்டியாக அள்ளினான். பிறகு கூடை கூடையாக. கடைசியில் சுண்டுவிரல் நீளக் குஞ்சுகளை. ஒருநாள் கம்பிவலையில் ஒரு சினைக் கெண்டை உயிரோடு துடித்தது. இரண்டு கையாலும் ஏந்திப்போய் ஆற்றில் விட்டான். அது சேற்றில் புரண்டு, திணறி, மறுபடியும் குழாய்ப் பக்கமே வந்தது. அங்கேதான் நீந்துகிற அளவுக்கு ஆழம் இருந்தது. அன்று அவன் சோற்றில் கை வைக்கவில்லை. ஊழியர் நலனில் அக்கறை கொண்டு, நாற்றம் தெரியாமலிருக்க அவனுக்கு ஒரு முகக்கவசம் வழங்கினேன்.

அடுத்த கோடையில் கம்பிவலை பளபளவென்று இருந்தது. ‘மீன் இறப்பு: பூஜ்யம்.’ விழா எடுத்தோம். கேடயம் எனக்கு. சாவே இல்லாததால் மச்சினனின் பதவி ஒழிக்கப்பட்டது. சீருடையைத் துவைக்காமலே திருப்பித் தந்தான். துவைக்க ஆற்றில் தண்ணீர் இல்லையாம். சாக்குப்போக்கு!

வீட்டில் மனைவி கேடயத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “என் தம்பி இனிமே எதைத் தின்னுவான்? இதையா?”

“அட, அவனை அப்படியே விட்டுடுவோமா?” என்றேன். “மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆறு பார்த்து வெச்சிருக்கோம். அங்க மீன் கொள்ளை கொள்ளையா இருக்காம்.”