எச்சரிக்கை: பின்னால் ரத்தக்குழாய்

ஆபரேஷன் தியேட்டர் தலைமை நர்ஸ் மேன்மை தங்கிய நிர்வாக அதிகாரிக்கு எழுதிய விண்ணப்பம் சின்னதுதான். முழங்காலின் பின்பக்கத் தசைநார் அறுந்தவர்களுக்குப் புதிது பொருத்த, முன்னாலிருந்து எலும்பைத் துளைத்துப் பின்பக்கம் வரவேண்டும். துளை முடிகிற இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, காலுக்கே ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. துளைக்கிற கம்பியின் நுனி அதைக் குத்தாமலிருக்கக் கரண்டி மாதிரி ஒரு தடுப்பு வைப்பார்கள். இருந்தது உடைந்துவிட்டது, புதிது வேண்டும்.

இரண்டு மாதம் பதில் இல்லை. அதற்குள் வேன் டிரைவர் ஒருவர் டாஷ்போர்டில் முட்டியை இடித்துக்கொண்டு வந்து படுத்துவிட்டார். நர்ஸ் நேரிலேயே போனார்.

"இதுவரைக்கும் எத்தனை ரத்தக்குழாய் குத்துப்பட்டிருக்கு?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுகூட இல்ல சார்."

"அப்புறம் எதுக்குத் தடுப்பு?"

"தடுப்பு இருந்ததாலதான் சார் ஒண்ணுகூட இல்ல."

அதிகாரி விண்ணப்பப் பாரத்தைத் திருப்பிக் காட்டினார். "சம்பவ எண்ணுங்கற கட்டம் காலியா இருக்கே சிஸ்டர். ஒரு சம்பவம் நடந்தா நம்பர் போட்டு அனுப்பிடலாம்."

"நடந்தா அந்த மனுஷனுக்குக் காலே போயிடும்."

"போகணும்னு நான் சொல்லல. கட்டம் காலியா இருக்குன்னுதான் சொன்னேன்."

ஆனாலும் அவர் இரக்கமில்லாதவர் அல்ல. பாதுகாப்பு என்றாலே குழு போடுவது அப்போது எல்லா அலுவலகங்களிலும் பரவியிருந்த மோஸ்தர். அவரும் ரத்தக்குழாய்ப் பாதுகாப்பு உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தார். அது மூன்று முறை கூடி, ஆழ்ந்து ஆலோசித்து, வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை அச்சடித்தது: 'எச்சரிக்கை: பின்னால் ரத்தக்குழாய்.'

எலும்பு டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ற கால்ல மருந்து போட்டுத் தேய்ப்போம் சார். இது நிக்காது."

"அப்ப இன்னொரு கால்ல ஒட்டுங்க."

"அந்தக் கால்ல நாங்க ஒண்ணுமே பண்ணப்போறதில்லையே?"

"அதனாலதான் டாக்டர், அங்கே பாதுகாப்பா இருக்கும்."

நர்ஸ் அன்று சாயங்காலமே அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தோழியிடம் போய், அவர்களுடைய தடுப்பை இரவல் கேட்டு, துண்டில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஆபரேஷன் அன்று உத்தரவுப்படி டிரைவரின் நல்ல காலில் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. டாக்டர் அடிபட்ட முட்டியை மடக்கி, தடுப்பை எலும்புக்குப் பின்னால் நுழைத்தார். கம்பி உள்ளே போனது. 'டிக்' என்று ஒரு சத்தம்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "டாக்டர்?"

"தடுப்புலதான் பட்டுது. பயப்படாதீங்க."

எல்லாம் முடிந்ததும் நர்ஸ் டிரைவரின் பாதத்தின் மேல் விரல் வைத்தார். நாடி துடித்தது. அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

டிரைவர் வீடு போய், பார்க்கிறவர்களிடமெல்லாம் தன் காலைக் காப்பாற்றிய ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னார். குழுவுக்குக் கேடயம் கிடைத்தது. அடுத்த ஊர் ஆஸ்பத்திரி ஐந்நூறு ஸ்டிக்கர் கேட்டு எழுதியது. நர்ஸின் விண்ணப்பத்துக்கும் ஒருவழியாகப் பதில் வந்தது: 'ஸ்டிக்கர் ஒட்டிய பின் எவ்விதச் சேதமும் நேரவில்லையாதலால், தடுப்பு தேவையற்றதெனக் கருதி இக்கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது.'

கேன்டீனில் அதை வாசித்துக் காட்டி மூன்று வாரம் சிரித்துக்கொண்டிருந்தார் நர்ஸ். நாலாவது வாரம் அவருடைய சொந்தத் தம்பி மாடிப்படியில் உருண்டு, அதே தசைநாரை அறுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

தடுப்பை மறுபடி இரவல் வாங்கி, சுத்தம் செய்து தயாராக வைத்தாயிற்று. தம்பிக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. கண் மட்டும் விழித்திருந்தது. கை கழுவி வந்த டாக்டர் அவனுடைய நல்ல காலைப் பார்த்துவிட்டு நின்றார்.

"சிஸ்டர், ஸ்டிக்கர் ஒட்டலையா?"

"நீங்களுமா டாக்டர்?"

"இல்ல... எதுக்கும் இருந்துட்டுப் போகட்டுமே."

நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, ஒன்றை எடுத்து, தம்பியின் நல்ல முட்டியில் அழுத்தி ஒட்டினார்.

"அக்கா," என்றான் தம்பி மெதுவாக, "ஒண்ணு போதுமா?"

நர்ஸ் கொஞ்சம் யோசித்தார். இன்னொன்றும் ஒட்டினார்.