பதினாலாம் நம்பர் வீட்டின் பாதிப் பச்சை கேட்

வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் கடைக்குப் போய், சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்கும் சாமான்கள் சில உண்டு. என் விஷயத்தில் அது ஸ்ப்ரே பெயிண்ட். (நீங்கள் வேறு ஏதாவது நினைத்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை லா.)

எனக்கு லோரி செய்வது பொழுதுபோக்கு. ரோட்டில் ஓடும் லோரி அல்ல. ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து அலமாரியில் வைத்துப் பார்க்கிற லோரி. அப்போது எனக்கு முப்பது வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஃப்ளாட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மாவுக்கு என் கலை பிடிக்காது. "உன் வயசுல உங்கப்பா உன்னையே செஞ்சு முடிச்சிட்டாரு. நீ இன்னும் லோரி செஞ்சிக்கிட்டு இருக்கே" என்பார். ஆபீசில் ஒருமுறை வாய்தவறி இதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னைப் பார்த்தாலே எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். அன்றிலிருந்து இது என் ரகசியம்.

சிரிக்காத ஒரே ஆள் ஷாமினி. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறி எங்கள் ஆபீசுக்கு வருகிறவள். அவளை இரண்டு வருடமாகக் காதலித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பாவை ஊரில் லோரி மணியம் என்பார்கள். இருபத்தாறு வருடம் ஒரே லோரியைத் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஓட்டியவர். இரவில் கண் மங்கத் தொடங்கியதும் லோரியை விற்றுவிட்டார், அதன் படத்தை மட்டும் ஹாலில் மாட்டியிருந்தார். ஷாமினி என்னைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவர் சொன்னது ஒரே வரி: "தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு வரச் சொல்லு, பாப்போம்."

நான் துள்ளிக் குதித்தேன். ஷாமினி குதிக்கவில்லை.

"எங்கப்பா 'பாப்போம்'னு சொன்னா தொண்ணூறு பர்சண்ட் நோ தான் தினேஷ். எங்கக்காவக் கேட்டு வந்தவங்கள்ல மூணு பேர அப்படித்தான் பாத்து அனுப்பிட்டாரு."

மிச்சம் இருக்கும் பத்து பர்சண்டைப் பிடிக்க நான் ஒரு திட்டம் போட்டேன். அவருடைய லோரியையே செய்து தீபாவளியன்று கையில் கொடுத்துவிடுவது. ஷாமினி ஹாலில் மாட்டியிருந்த படத்தைப் பல கோணத்தில் எடுத்து அனுப்பினாள். இரண்டு மாதம் கண்ணில் பூதக்கண்ணாடி வைத்து உழைத்தேன். நம்பர் பிளேட்டு வரைக்கும் தயார். பெயிண்ட் அடிப்பதுதான் பாக்கி. அந்தப் பச்சை இருக்கிறதே, அது இலைப் பச்சையும் இல்லை, பாசிப் பச்சையும் இல்லை. ஆன்லைனில் ஆர்டர் கொடுத்தேன். அழுத்தி அடைத்த டப்பாவைக் கூரியரில் அனுப்பமாட்டோம் என்று ரத்து செய்துவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் கடையில் டப்பாக்களைக் கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி முதலாளியிடம், முதலாளி ஈப்போவில்.

"அந்தக் கலர் எங்க வீடு இருக்கற தாமானுக்குப் பின்னால, ஹார்ட்வேர் கடையிலதான் கிடைக்கும். அப்பா லோரி ஓட்டுனப்ப டச்சப் பண்றதுக்கு அங்கதான் வாங்குவாரு. வாயத் தொறக்காம வாங்கிட்டு வந்துரு" என்றாள் ஷாமினி.

அவள் சொன்னதில் முக்கியமான பகுதி கடைசி வாக்கியம். அதைத்தான் நான் காதில் வாங்கவில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை கிள்ளான் போய் இறங்கினேன். வாங்கியதும் கொஞ்சம் அடித்துப் பார்க்கலாம் என்று, சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக நின்ற லோரியை டிபன் டப்பாவில் வைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். தமிழ் என்னைவிட நன்றாகப் பேசினார். டப்பாவைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. கீழேயிருந்து ஒரு நீளப் புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார்.

"ஐசி குடு தம்பி. பேரு, அட்ரெஸ், எதுக்கு வாங்குற, எல்லாம் எழுதணும். ஒரு வீட்டுக்கு மாசம் ஒரு டப்பாதான்."

"பெயிண்ட் வாங்க அடையாள அட்டையா பாஸ்?"

"பின்னால சந்துல போய்ப் பாரு, எவனோ கடைச் சுவரு பூரா கிறுக்கி வெச்சிருக்கான். நேத்து வெள்ளையடிச்சா இன்னிக்கு மறுபடியும் கிறுக்குறான். அதான் தாமான் சங்கத்துல ரூல் போட்டுட்டாங்க. தாமான் ஆளுக்கு மட்டும்தான் விக்கணும்." என் ஐசியைத் திருப்பிப் பார்த்தார். "நீ பிரிக்பீல்ட்ஸ். அங்க கடை இல்லியா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பாஸ், நான் சின்ன லோரி செய்யறவன்" என்று ஒரு வார்த்தை. ஆனால் எனக்குப் பின்னால் குழாய் வாங்க மூன்று பேர் நின்றார்கள். ஆபீசில் கேட்ட ஹாரன் சத்தமெல்லாம் ஒன்றாகக் காதில் ஒலித்தது. "இல்ல பாஸ், இங்க தாமான்ல சொந்தக்காரங்க வீடு" என்றேன்.

"எந்த வீடு?"

அந்தத் தாமானில் எனக்குத் தெரிந்த விலாசம் ஒன்றே ஒன்றுதான். ஷாமினியின் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பி அனுப்பி மனப்பாடம் ஆன விலாசம். பதினாலாம் நம்பர் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், தீபாவளிக்கு முன்னால் கிள்ளான் தமிழர்கள் அத்தனை பேரும் செய்கிற காரியம் எதுவோ அதை எழுதினேன்: கேட் பெயிண்ட் அடிக்க.

என்ன மூளை, என்ன மூளை! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தவுக்கே அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு போனை எடுத்தார்.

"ஹலோ, தலைவரே. உன் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு தம்பி வந்திருக்கு. நீ அனுப்புனியா?"

தலைவர் என்றால் தாமான் சங்கத்தின் தலைவர். ரூல் போட்டவர். பதினாலாம் நம்பர் வீட்டுக்காரர். ("அப்பா ஏதோ சங்கத்துல இருக்காரு" என்று ஷாமினி எப்போதோ சொல்லியிருக்கிறாள். ஏதோ சங்கமாம்!) ஓடிவிடலாம் என்று பார்த்தால் என் ஐசி தவுக்கேயின் சட்டைப் பையில் இருந்தது.

ஐந்தே நிமிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கையில்லாத பனியன், முறுக்கு மீசை. ஹாலில் மாட்டிய லோரிப் படத்தில் கதவோரம் நின்றவர் அவர்தான். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் படித்தார், ஐசியைப் படித்தார், மறுபடியும் புத்தகத்தைப் படித்தார்.

"என் வீட்டு கேட்டுக்கா?"

"ஆ... ஆமா அங்கிள்."

"யாரு சொன்னா?"

"வீட்லதான் சொன்னாங்க அங்கிள்."

"எந்த வீட்ல?"

நான் டப்பாவில் ஒட்டியிருந்த விலையைப் படிக்க ஆரம்பித்தேன்.

"சரி, ஏறு" என்றார். டப்பா என் கையில், பை என் முதுகில். லோரி மணியத்தின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து என் வருங்கால மாமனார் வீட்டுக்கு முதல் முறையாகப் போனேன். பட்டுச் சட்டை போட்டு, பழத்தட்டோடு போக நினைத்த வீடு அது.

கேட் முன்னால் என்னை இறக்கிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அடி" என்றார்.

இரண்டு கதவுள்ள இரும்பு கேட். என் உயரத்துக்கு மேல் ஒரு முழம். நான் அதுவரை பெயிண்ட் அடித்ததிலேயே பெரிய பொருள் ஒரு சாண் நீளம். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். முதலில் துணியால் துடைக்க வேண்டும். அரை முழம் தள்ளி நின்று மெல்லிசாக ஒரு கோட். காயவிட வேண்டும். அதன்மேல் இன்னொரு கோட். அப்படித்தான் முதல் கம்பியில் ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் இரண்டு கம்பி முடிந்தது. ரொம்ப அருமையாக வந்திருந்தது. பக்கத்திலிருந்த கறிவேப்பிலைச் செடியும் ரொம்பப் பச்சையாக வந்திருந்தது.

"தம்பி, எந்த வருஷத் தீபாவளிக்கு அடிக்கிறே?" என்றார் நாற்காலியிலிருந்து.

சத்தம் கேட்டு ஷாமினி வாசலுக்கு வந்தாள். நான் பச்சை மூக்கோடு நின்றேன். அவள் கையிலிருந்த துடைப்பம் நழுவியது.

"இந்தத் தம்பிய உனக்குத் தெரியுமா மா?" என்றார் அவள் அப்பா.

"தெரியாதுப்பா" என்றாள் ஷாமினி. இரண்டு வருடக் காதலை இரண்டு நொடியில் முடித்துவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. தீபாவளி, பத்து பர்சண்ட் எல்லாம் போயிற்று. எஞ்சியிருப்பது இந்த கேட்தான். அதையாவது ஒழுங்காக அடிப்போம் என்று அடித்தேன். அப்போது ஷாமினியின் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். வெயிலில் கிடந்த என் பையைப் பார்த்தார்.

"ஐயோ, டிபன் கொண்டாந்திருக்கியா தம்பி? இந்த வெயில்ல கெட்டுப் போயிரும். குடு, பிரிஜ்ல வைக்கிறேன்."

நான் வேண்டாம் ஆன்டி என்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே சாம்பல் நிற லோரி. டப்பாவை அப்படியே கணவரிடம் நீட்டினார்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். லோரியை வெளியே எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நம்பர் பிளேட்டை விரலால் தடவினார். இடது பக்கக் கண்ணாடிக்கு வந்ததும் விரல் நின்றது. படத்தில் அந்தக் கண்ணாடி உடைந்து, கம்பியால் கட்டியிருந்தது. நானும் நூலால் கட்டியிருந்தேன்.

"கம்பி கட்டுனதுகூட போட்டிருக்கான் பாரு" என்றார் மனைவியிடம். பிறகு என்னிடம் திரும்பினார். "இதுக்குத்தான் பெயிண்ட் வாங்க வந்தியா?"

"ஆமா அங்கிள். தீபாவளிக்கு உங்களுக்குக் குடுக்க."

"அத ஏன்டா புத்தகத்துல எழுதல?"

"வெக்கமா இருந்துச்சு அங்கிள். இந்த வயசுல வெளையாட்டு சாமான்னு சிரிப்பாங்க."

"நான் இருபத்தாறு வருஷம் ஓட்டுன லோரி. இதுல உனக்கு என்னடா வெக்கம்?"

நான் மூக்கிலிருந்த பச்சையைத் துடைத்தேன். அவர் லோரியின் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்.

"ஐசியில பிரிக்பீல்ட்ஸ் தினேஷ்னு பாத்தப்பவே ஆள் தெரிஞ்சிருச்சு. எவ்ளோ தூரம் பொய் சொல்லுவேன்னு பாக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். நீ பரவால்ல. என் மகதான் உனக்கு மேல இருக்கா."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

லோரியை நாற்காலியில் நிறுத்தி, என் கையிலிருந்த டப்பாவை அவரே வாங்கிக் குலுக்கி அழுத்தினார். உஸ் என்று காற்றுதான் வந்தது. இடது பக்கக் கதவு முழுக்கப் பச்சை. வலது பக்கக் கதவு பழைய துருவோடு அப்படியே இருந்தது. லோரிக்கு ஒரு சொட்டு இல்லை.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா தவுக்கே இன்னொரு டப்பா குடுக்கமாட்டாரா?" என்றார் ஷாமினியின் அம்மா.

"ரூல் போட்டவனே போய்க் கேக்கறதா? ஒரு வீட்டுக்கு மாசம் ஒண்ணுதான்." லோரியை என் டிபன் டப்பாவில் வைத்து மூடிக் கொடுத்தார். "தீபாவளிக்கு வந்து குடு."

வரச் சொன்னாரே தவிர சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. (ஷாமினி நூறு முறை மன்னிப்புக் கேட்டாள். நான் தொண்ணூற்றொன்பதில் மன்னித்தேன்.)

தீபாவளியன்று பட்டுச் சட்டை, பழத்தட்டு, சாம்பல் நிற லோரியோடு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். உள்ளே நுழைந்த ஒவ்வொருவரும் கேட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் நுழைந்தார்கள். ஒரு பெரியப்பா வாசலிலேயே சத்தம் போட்டார்: "என்ன மணியம், நல்ல நாளும் அதுவுமா கேட்டப் பாதியில விட்டுட்டே? காசு பத்தலியா?"

லோரி மணியம் கையில் என் லோரியோடு நின்றிருந்தார். கூட்டம் முழுக்க அவரையே பார்த்தது.

"அது என் வேலையில்ல அண்ணே. எங்க மாப்பிள்ள வேலை. மிச்சத்த அடுத்த மாசம் வந்து அடிப்பாரு."

முறுக்குத் தட்டோடு வந்த ஷாமினி நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். என் அம்மா அந்தத் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே, "லோரி செஞ்சது வீண்போகல" என்றார்.

ஆனால் அடுத்த மாதம் தவுக்கே கடையில் அந்தப் பச்சை தீர்ந்துவிட்டது. கம்பெனி அனுப்புவதையே நிறுத்திவிட்டதாம். எங்கள் கல்யாணத்துக்கு வந்த தவுக்கே, ஜிகினாத்தாள் சுற்றிய ஒரு பரிசை மேடையிலேயே கொடுத்தார். எந்தக் கடையிலோ தேடிப் பிடித்த கடைசிப் பச்சை டப்பா. நான் கையை நீட்டியதும் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டு, கக்கத்திலிருந்த நீளப் புத்தகத்தை விரித்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டு வாங்கு தம்பி. ஐசி எங்க?"

மாலையும் கழுத்துமாகக் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் மாமாவே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார்: மிச்ச கேட்.

அந்தக் கேட் இன்றும் பாதிப் பச்சைதான். வழி கேட்பவர்களுக்கு வீட்டு நம்பரையே யாரும் சொல்வதில்லை, பாதிப் பச்சை கேட் என்றால் போதும். சாம்பல் நிற லோரி ஹாலில் ஷோகேசில் நிற்கிறது, பக்கத்திலேயே திறக்காத அந்த டப்பாவும் நிற்கிறது. போன தீபாவளிக்கு முன்னால்கூட, இன்றைக்காவது அடித்து முடித்துவிடலாம் என்று ஷோகேஸ் கதவைத் திறந்தேன்.

"வையுங்க மாப்பிள்ள" என்றார் மாமா. "கேட்ட முடிச்சிட்டீங்கன்னா, வர்றவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்றது?"