டயல் அண்ணனும் பதில் சொல்லாத வீடும்

பினாங்குத் தீவில் டயல் அண்ணனைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி பிறந்ததில்லை. லிப்டில் ஏற மாட்டார். பெர்ரிப் படகில் மிதவை ஜாக்கெட்டை ஒட்டித்தான் நிற்பார். பாயான் லெப்பாஸ் பாக்டரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு அடுத்த மேசை.

அந்த யோசனை கேண்டீனில், வாய் நிறைய மீ கோரெங் நூடுல்ஸ் இருந்தபோது அவருக்கு உதித்தது. நிறைமாதமாக இருந்த அவர் மனைவி சரோ அக்காவுக்குப் பிரஷர் ஏறக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"தங்கச்சி, அவ பிரஷர் பார்த்து வீட்டு கம்ப்யூட்டர்ல அடிச்சு வைக்கட்டும். நான் இங்கேருந்து மோடம்ல டயல் பண்ணி, உள்ள போய்ப் பார்த்துக்குவேன்."

"போன்ல கேட்டா போதாதாண்ணே?"

"போன்ல 'நல்லா இருக்கேன்'னு பொய் சொல்லுவா லா. நம்பர்ல அவளுக்குப் பொய் வராது!"

எனக்கு அப்போதே கை துறுதுறுத்தது. வீட்டில் போனுக்கும் மோடத்துக்கும் ஒரே லைன்; மோடம் முதல் மணியிலேயே எடுக்கும்படி வைத்தோம். அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து போன் செய்த சரோ அக்காவின் அம்மா, காதைக் கிழிக்கும் கீச்சொலியைக் கேட்டு, மகளுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று அழுதுகொண்டே பெர்ரி ஏறிவிட்டார். சரி, நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுக்கட்டும் என்று மாற்றினோம். இப்போது சரோ அக்கா முந்திக்கொண்டு போனை எடுத்து, எங்கள் மோடத்திடம் "யாருங்க? சத்தமா பேசுங்க!" என்று கத்தினார். கடைசியில் அண்ணன் சட்டம் போட்டார்: பகலில் போன் அடித்தால் தொடவே கூடாது.

அதன்பின் இணைப்பு அழகாகக் கிடைத்தது, ஒரு மழை மதியம் வரை.

அன்று பதிலே இல்லை. கேபிளை மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. போனில் கூப்பிடலாமென்றால், அக்காதான் எடுக்கக் கூடாதே!

"விழுந்திருப்பா, தங்கச்சி. கார் சாவிய எடு."

வழியெல்லாம் இடி. "மெதுவா, மெதுவா" என்று எப்போதும் அலறுகிறவர் அன்று "வேகமா, வேகமா" என்று டாஷ்போர்டைத் தட்டினார்.

வீட்டில் டிவி, பிரிட்ஜ், போன், மோடம், எல்லா வயரும் கழற்றிப் போடப்பட்டிருந்தன. இடி இடித்தால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு செய்வதுதான். வயரைக் கழற்றினாலும் கூப்பிடுகிறவர் காதில் மணி அடிக்கத்தான் செய்யும்; இரண்டு கம்ப்யூட்டர் புலிகளுக்கும் அது தோன்றவே இல்லை. நடுவில் சரோ அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தானே இருக்கேன்... ஏன் ஓடி வந்தீங்க?"

அண்ணன் பிரஷர் பட்டையை அவர் கையில் சுற்றினார். நம்பர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நேரே ஆஸ்பத்திரி.

அன்று மாலையே பெண் குழந்தை. தாயும் மகளும் சுகம்.

"கனெக்‌ஷன் கிடைச்சிருந்தா, காலையில நான் அடிச்சு வச்ச நல்ல நம்பரைப் பார்த்துட்டு டீ குடிக்கப் போயிருப்பீங்க" என்றார் சரோ அக்கா. அண்ணன் முதன்முறையாக இடியைக் கும்பிட்டார்.

இப்போது அவருக்குப் புதுப் பயம்: குழந்தை அழுதால் பாக்டரிக்குக் கேட்காதே! தொட்டிலில் மைக் கட்டி, தனி லைன் இழுக்க வேண்டுமாம். சனிக்கிழமை அதை மாட்ட நான் போகிறேன். தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால், குழந்தை அழுகிறதோ என்னவோ என்று எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.